கைப்பேசியின் ஊகத்துக்கு நம் சொல்லை விட்டுக்கொடுக்காமல் தமிழில் எழுதுவது எப்படி?

என் நண்பரின் தந்தை மறைந்த நாளில், உறவினர்களுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு நண்பரின் தம்பியிடம் வந்து சேர்ந்தது. விடியற்காலையில், அழுத கண்களோடு அவர் தட்டிய செய்தியில் 'இறந்தார்' என்ற சொல் 'இரந்தார்' என்று போய்விட்டது. இறத்தல் என்றால் உயிர் நீங்குதல். இரத்தல் என்றால் பிச்சை எடுத்தல். செய்தி கிடைத்தவர்கள் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு அதைப் படித்துப் பார்த்த தம்பி, தந்தைக்குச் செய்த கடைசிக் கடமையிலேயே பிழை நேர்ந்துவிட்டதே என்று நெடுநாள் வருந்தினார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கையால் எழுதியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. கைப்பேசி முன்வைத்த சொல்லைப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டதால் நேர்ந்தது அது.

தொடுதிரைக் கைப்பேசியில் அண்மையில்தான் தமிழில் எழுதத் தொடங்கியவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 'நான் ஒன்று அடித்தால் அது வேறொன்று போடுகிறது' என்று பலரும் அலுத்துக்கொண்டு, தமிழில் எழுதுவதையே விட்டுவிட்டுக் குரல்பதிவு அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. அமைப்புகளில் சிலவற்றை மாற்றினால் தொல்லையில் பெரும்பகுதி நீங்கிவிடும்; எஞ்சியதற்கு ஒன்றிரண்டு பழக்கங்கள் போதும்.

கைப்பேசி எப்படி ஊகிக்கிறது?

அமைப்புகளைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எண் விசைகள் மட்டுமே இருந்த பழைய கைப்பேசிகளில் 2 முதல் 9 வரை ஒவ்வொரு விசையிலும் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1990களில் டெஜிக் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய டி9 என்ற முறையில் 4, 6, 6, 3 என்று அழுத்தினால், 'குட்' என்ற சொல்லும் 'ஹோம்' என்ற சொல்லும் அதே நான்கு விசைகளுக்குள் அடங்கிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று கைப்பேசிக்குத் தெரியாது. மக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது எதுவோ அதை முதலில் காட்டும்.

இன்றைய கைப்பேசியின் கணக்கு இதைவிடப் பன்மடங்கு நுட்பமானது. முன்னே எழுதிய சொற்களையும், நாம் வழக்கமாக எழுதும் முறையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை: நம் மனத்தில் உள்ள பொருளை அது அறியாது, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் மிகுதியாக வந்திருக்கிறது என்பதை மட்டுமே அறியும். பலர் ஒரு சொல்லைப் பிழையாகவே எழுதிவந்தால், அந்தப் பிழையே முன்வரிசையில் வந்து நிற்கும். 'இறங்கல் செய்தி' என்றும் 'பிரந்தநாள்' என்றும் நம் கைப்பேசிகளில் உலவும் எழுத்துக்கோவைகள் இப்படித்தான் பெருகுகின்றன. ஒருவர் பிழையாக எழுத, கைப்பேசி அதைக் கற்றுக்கொள்ள, அதே பிழையை அது மறுபடி அவருக்கே நீட்டுகிறது.

முதற்படி: விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எந்த விசைப்பலகையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே, கைப்பேசி எவ்வளவு ஊகிக்க வேண்டியிருக்கும் என்பது அமைகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறையையே முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த முறையில் இரண்டு வகை உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. முதல் வகை, ஊகத்தை நம்பி நடப்பது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பரவலாக உள்ள, கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் 'ஏபிசி' என்று குறிக்கப்பட்டிருக்கும் தமிழ்த் தட்டச்சு இந்த வகையைச் சேர்ந்தது. 'பி, ஏ, எல், எல், ஐ' என்று தட்டினால் அது 'பள்ளி' ஆகவும் இருக்கலாம், 'பல்லி' ஆகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்றைக் கைப்பேசிதான் முன்னே வைக்கும், இடைவெளி விசையைத் தட்டியவுடன் அதுவே பதிந்துவிடும். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் இப்படி மயங்கும். வலி, வழி, வளி, பனி, பணி, கரி, கறி, மனம், மணம், வேலை, வேளை, அரம், அறம் என்று இந்த மயக்கத்துக்கு ஆளாகும் சொற்கள் நம் அன்றாடப் பேச்சு முழுவதும் நிறைந்திருக்கின்றன. நெடிலைக் குறிக்க எழுத்தை இரட்டிக்காமல் தட்டுவோருக்குக் கலை, காலை, களை, காளை ஆகிய நான்கும் ஒரே குவியலாகிவிடும்.

இரண்டாம் வகை, விதிப்படி நடப்பது. முரசு அஞ்சல் என்ற கணினி மென்பொருள் வழியாகப் பரவிய அஞ்சல் என்ற தட்டச்சு முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் சிறிய 'எல்' தட்டினால் எப்போதும் 'ல்', பெரிய 'எல்' தட்டினால் எப்போதும் 'ள்', 'இசட்' தட்டினால் எப்போதும் 'ழ்'. சிறிய 'ஆர்' தந்தால் 'ர்', பெரிய 'ஆர்' தந்தால் 'ற்'. எழுத்தை முடிவு செய்பவர் நாமே. ஊகத்துக்கு அங்கே வேலை இல்லை. ஐபோனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும்போது அஞ்சல் என்ற பெயரிலேயே இந்த அமைப்பு கிடைக்கும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியிலும் இது உண்டு. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவதே அரிதாக இருந்த 2005-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த செயலி அது.

ஆங்கில எழுத்துகளின் துணையே இல்லாமல், தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டுவது இன்னொரு வழி. ஜிபோர்டில் 'ஏபிசி' என்ற குறிப்பில்லாத தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் உயிரும் மெய்யும் விசைகளாகவே தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை ஐபோனிலும் செல்லினத்திலும் கிடைக்கிறது. முதல் பார்வையில் இத்தனை எழுத்துகளா என்று மலைப்புத் தோன்றும். உண்மையில் தமிழ் எழுத்து 247 என்றாலும், தட்ட வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஆய்தம், புள்ளி, சில கிரந்த எழுத்துகள் ஆகியவை மட்டுமே. உயிர்மெய் 216-ஐயும் விசைப்பலகையே சேர்த்துக்கொடுத்துவிடும். தமிழ்99-இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாகவே விழும். ஆகவே 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ந-வை அடுத்து த, ங-வை அடுத்து க, ன-வை அடுத்து ற வரும்போதும் அப்படியே புள்ளி விழும். தமிழ் எழுத்துகளின் இயல்பான உறவை அறிந்து செய்யப்பட்ட அமைப்பு இது. பழகியவர்கள் வேறு எதற்கும் மாறுவதில்லை.

என் பரிந்துரை இதுதான்: ஆங்கிலத் தட்டச்சு முன்பே கைவந்தவர்கள் அஞ்சலைத் தேர்ந்தெடுக்கலாம், ஆங்கில விசைகளின் இடம் தெரியாதவர்கள், குறிப்பாக முதியவர்கள், தமிழ் எழுத்துகள் நேராகத் தெரியும் பலகையையே தொடங்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சிலருக்கு நான் பழக்கியபோது, முதல் வாரம் எழுத்தைத் தேடித் தேடித் தட்டியவர்கள் அடுத்த மாதத்துக்குள் நீண்ட செய்திகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

விசைப்பலகையைச் சேர்க்க, ஆண்ட்ராய்டில் ஏதேனும் ஒரு செய்திப்பெட்டியைத் தொட்டு விசைகளை வரவழையுங்கள். மேல்வரிசையில் பற்சக்கர வடிவத்தைத் தொட்டால் அமைப்புகள் திறக்கும். அதில் 'லாங்வேஜஸ்' என்பதற்குள் சென்று 'ஆட் கீபோர்டு' என்பதைத் தொட்டுத் தமிழைத் தேடுங்கள். ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'கீபோர்டு', 'கீபோர்ட்ஸ்' என்ற வரிசையில் செல்ல வேண்டும். பிறகு உலகுருண்டை வடிவ விசையைத் தட்டி மொழி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தானாகத் திருத்துவதை நிறுத்துதல்

பரிந்துரை வேறு, தானியங்கித் திருத்தம் வேறு. விசைகளுக்கு மேலே மூன்று சொற்களைக் காட்டிவிட்டுக் காத்திருப்பது பரிந்துரை. நம்மைக் கேட்காமல், இடைவெளி விசையைத் தட்டிய கணத்தில் சொல்லையே மாற்றிவிடுவது ஆட்டோ கரெக்ட் எனப்படும் தானியங்கித் திருத்தம். தொடக்கத்தில் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை நிறுத்திவிடுங்கள். ஜிபோர்டு அமைப்புகளில் 'கரெக்ஷன்ஸ் அண்ட் சஜெஷன்ஸ்' என்ற பகுதியில் 'ஆட்டோ கரெக்ஷன்' என்பதை அணைக்கலாம்; சில பதிப்புகளில் இந்தப் பகுதியின் பெயர் 'டெக்ஸ்ட் கரெக்ஷன்' என்றிருக்கும். ஐபோனில் 'ஜெனரல்', 'கீபோர்டு' என்ற இடத்திலேயே இது உள்ளது.

தமிழுக்கு இந்தத் திருத்தம் ஏன் பொருந்துவதில்லை என்றால், நம் மொழியில் ஒரு வேரிலிருந்து முளைக்கும் சொல்வடிவங்கள் மிகப் பல. 'வீடு' என்ற ஒன்று வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டுக்காரரிடமிருந்து, வீடுகளுக்குள்ளேயும் என்று விரிந்துகொண்டே போகும். 'வா' என்ற வினையைச் சொல்லவே வேண்டாம். எவ்வளவு பெரிய சொற்பட்டியலை வைத்திருந்தாலும் இவை அனைத்தும் அதில் அடங்கா. பட்டியலில் இல்லாத வடிவத்தைக் காணும்போது கைப்பேசி அதைப் பிழை என்று கருதி, பக்கத்தில் உள்ள ஏதேனும் ஒரு வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும். நாம் சரியாக எழுதியதைப் பிழையாக மாற்றுகிற உதவி நமக்கு வேண்டாம்.

ஆங்கில விசைப்பலகையில் தமிழை ஆங்கில எழுத்தாலேயே எழுதி அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அமைப்பை அணைப்பது இன்னும் இன்றியமையாதது. அந்தப் பலகைக்கு நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லும் பிழையான ஆங்கிலமாகவே தோன்றும். பாட்டியைப் பற்றி எழுதினால் 'பார்ட்டி' என்று மாற்ற முனையும்.

மூன்றாம் படி: பரிந்துரைப் பட்டையைப் படித்துத் தொடுதல்

பட்டையில் தெரியும் மூன்று சொற்களில் ஒன்றைத் தொட்டால் அந்தச் சொல்லும், பின்னே ஓர் இடைவெளியும் சேர்ந்து விழும். விரைவுக்கு இது நல்ல துணை. ஆனால் நடுவில் உள்ள சொல் எப்போதும் நம் சொல்லாக இருக்கும் என்று விரல் பழகிவிடக் கூடாது. குறிப்பாகச் சொல்லின் இறுதியைப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்ற நான்கும் கைப்பேசிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கோ அப்படி அல்ல. 'பெரியப்பா வந்தான்' என்று ஒரு செய்தி குடும்பக் குழுவில் போய் விழுந்தால் அதைப் படிப்பவர்கள் கைப்பேசியைக் குறை சொல்லமாட்டார்கள், எழுதியவரைத்தான் நினைப்பார்கள். அப்படியே 'சீக்கிரம்' என்று எழுதியவுடன் பட்டையில் 'வா' என்று காத்திருக்கும். நண்பருக்கு அது பொருந்தும். மாமனாருக்கு 'வாருங்கள்' என்று நாமேதான் தட்டியாக வேண்டும். மரியாதையை ஊகத்தின் பொறுப்பில் விடுவதற்கில்லை.

ஒற்று மிகும் இடங்களும் இப்படிப்பட்டவையே. பட்டையில் 'அதை' என்று தொடுகிறோம், இடைவெளி விழுகிறது, அடுத்து 'கேட்டேன்' என்று தொடுகிறோம். 'அதைக் கேட்டேன்' என்று இருக்க வேண்டியது 'அதை கேட்டேன்' என்று ஆகிவிடுகிறது. இன்றைய செய்திகளில் வல்லின ஒற்று இவ்வளவு வேகமாக மறைந்துவருவதற்கு இந்தப் பட்டையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். திரும்பிப்போய் ஒரு 'க்' சேர்ப்பதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது? இதற்குத் தீர்வு அடுத்த படியில் உள்ளது.

நான்காம் படி: நம் சொற்களைக் கற்றுக்கொடுத்தல்

ஜிபோர்டு அமைப்புகளில் 'டிக்ஷனரி' என்ற பகுதிக்குள் 'பர்சனல் டிக்ஷனரி' உள்ளது. அதில் தமிழைத் தேர்ந்து, கூட்டல் குறியைத் தொட்டு, நாம் விரும்பும் சொற்களைச் சேர்க்கலாம். ஒரு மாலை நேரத்தில் அரைமணி ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள். குடும்பத்தில் உள்ளவர்களின் பெயர்கள், ஊர், தெரு, குலதெய்வக் கோயில், நாம் அடிக்கடி எழுதும் தொழிற்சொற்கள் ஆகியவற்றை முதலில் சேர்க்க வேண்டும். பெயர்களை வேற்றுமை உருபோடும் சேர்ப்பது நல்லது: முருகேசன் மட்டும் போதாது, முருகேசனை, முருகேசனுக்கு, முருகேசனிடம் ஆகியவையும் வேண்டும்.

அடுத்து ஒற்று. அந்த, இந்த, எந்த என்ற மூன்றையும் க், ச், த், ப் ஆகிய நான்கோடும் சேர்த்து அந்தக், அந்தச், அந்தத், அந்தப் என்றவாறு பன்னிரண்டு சொற்களாக உள்ளிடுங்கள். அதைக், அதைச், அதைத், அதைப் என்பவற்றையும் இதைக் முதலானவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் 'அந்தப்' என்று எழுதும்போது கைப்பேசி அதைப் பிழையென்று கருதாது. சில நாள் பயன்படுத்தினால் பட்டையிலும் வந்து நிற்கும்.

இந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறுக்குவழியும் கொடுக்கலாம். வீட்டு முகவரியை முழுமையாக எழுதி அதற்கு 'முகவ' என்று குறுக்குவழி வைத்தால், அந்த மூன்றெழுத்தைத் தட்டியவுடன் முழு முகவரியும் பட்டையில் தெரியும். ஐபோனில் இதே வசதி 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்ற பெயரில் இருக்கிறது. இரங்கலுக்கும் வாழ்த்துக்கும் உரிய வரிகளை மன அமைதியோடு இருக்கும் ஒரு நாளில் பிழையறப் படித்துப் பார்த்து இப்படிச் சேமித்துவைத்தால், துயரமோ பரபரப்போ மிகுந்த நேரத்தில் விரல் தடுமாறினாலும் சொல் தடுமாறாது. நண்பரின் தம்பிக்கு நான் முதலில் செய்துகொடுத்தது இதைத்தான்.

ஐந்தாம் படி: திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

தமிழில் அழிப்பு விசை பெரும்பாலும் ஒரு முழு எழுத்தை ஒரே தட்டில் அழிப்பதில்லை. 'லா' என்பதில் முதல் தட்டுக்குக் கால் போய் 'ல' நிற்கும். அடுத்த தட்டுக்குத்தான் 'ல' போகும். கைப்பேசி உள்ளே மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக வைத்திருப்பதே இதற்குக் காரணம். ஆகவே ல-வை ள ஆக்க விரும்பினால், இரண்டும் போகும்வரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். சொல்லின் நடுவில் விரலை வைத்துத் திருத்த முயல்வது கடினம். இடைவெளி விசையின் மேல் விரலை வைத்து இடமும் வலமும் இழுத்தால், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சுட்டி எழுத்தெழுத்தாக நகரும். ஐபோனில் அந்த விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும்.

ஔகாரத்தில் ஒரு தனிக் கவனம் தேவை. 'கௌரி' என்பதில் க-வோடு சேர்வது ஔகாரக் குறி. அதன் பிற்பாதி பார்வைக்கு ள போலவே இருக்கிறது. அதனால் பலர் 'கெ' என்றும் 'ள' என்றும் தனித்தனியாகத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; கைப்பேசிக்கோ அது முற்றிலும் வேறு சொல். அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பரிந்துரையும் தாறுமாறாக வரும். 'ஔவையார்' என்பதும் 'ஒ', 'ள' என்று உடைந்துபோவதை அன்றாடம் காணலாம். ஔ என்ற விசையைத் தேடித் தட்டிப் பழகுங்கள்.

ஆறாம் படி: மறக்கச் செய்தல்

பிழையான சொல் ஒன்று பட்டையில் மீண்டும் மீண்டும் வந்தால், ஜிபோர்டில் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்து, தோன்றும் குப்பைத்தொட்டியை நோக்கி இழுத்துவிடுங்கள். நிலைமை கைமீறிப்போய், குழந்தைகள் விளையாட்டாகத் தட்டியதெல்லாம் பரிந்துரையாக வரத் தொடங்கினால், அமைப்புகளில் கற்ற சொற்கள் அனைத்தையும் அழிக்கும் வசதி உண்டு. ஜிபோர்டில் அது 'ப்ரைவசி' என்ற பகுதியில், சில பதிப்புகளில் 'அட்வான்ஸ்டு' என்ற பகுதியில் இருக்கும். ஐபோனில் 'ஜெனரல்' பகுதியின் இறுதியில் 'ரீசெட்' என்பதற்குள் 'ரீசெட் கீபோர்டு டிக்ஷனரி' என்று காணப்படும். அதன் அருகிலேயே கைப்பேசியின் எல்லாத் தகவலையும் அழிக்கும் வழியும் இருப்பதால், பெயரை இருமுறை படித்துவிட்டுத் தொடுங்கள்.

கைப்பேசியோடு வராத விசைப்பலகைச் செயலி எதையும் நிறுவும்போது, தட்டுவது அனைத்தையும் அது திரட்டக்கூடும் என்ற எச்சரிக்கையை ஆண்ட்ராய்டு காட்டும். அது எல்லாச் செயலிக்கும் பொதுவாகக் காட்டப்படுவதுதான். ஆனாலும் யார் வெளியிட்டது என்று தெரியாத விசைப்பலகைகளை, வண்ணமும் படங்களும் அழகாக உள்ளன என்பதற்காக நிறுவாதீர்கள். கடவுச்சொல்லுக்கான பெட்டியில் பரிந்துரைகள் பொதுவாக நின்றுவிடும். ஆனால் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடாமல் இருப்பதற்காகச் சிலர் அதை வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது வெறும் சொல்லாகவே கருதப்படும், கற்றுக்கொள்ளப்படவும் கூடும். பிறகு ஒருநாள் கைப்பேசியைப் பேரனிடம் கொடுக்கும்போது, முதல் இரண்டு எழுத்தைத் தட்டிய மாத்திரத்தில் பட்டையில் அது வந்து நிற்கும். அப்படி முன்பே எழுதிவைத்திருந்தால், கற்ற சொற்களை இன்றே அழித்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.